உரிமத்தின் நிபந்தனை: சௌந்திரபாண்டியனும் வந்தேறிகள் கட்டிய ஊர்களும்

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலான மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் இராஜபாளையத்து நூற்பாலைகளுக்கும் சிவகாசி வட்டாரத்து ஆலைகளுக்கும் வரத் தொடங்கிய பிறகு, ‘வந்தேறி’ என்ற சொல் விருதுநகர் மாவட்டத்தில் புதிய இலக்கு ஒன்றைக் கண்டுகொண்டிருக்கிறது. வேலையைப் பறிப்பவர்கள், கூலியைக் குறைப்பவர்கள், ஊரின் முகத்தை மாற்றுபவர்கள் என்று அவர்கள்மீது குற்றப்பட்டியல் வாசிக்கப்படுகிறது. இதை வாசிப்போரில் நம் மக்களும் இருக்கிறார்கள் என்பதே கவலைக்குரியது.

இந்த ஊர்களே ஒரு காலத்தில் வந்தேறிகள் எனத் தூற்றப்பட்டவர்களால் கட்டப்பட்டவை. அவர்களிடையே பிறந்து, ஊரை ஆளும் அதிகாரம் கைக்கு வந்தபோது அதைத் தமக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்களுக்காகப் பயன்படுத்தியவர் ஊ.பு.அ. சௌந்திரபாண்டியன். சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் பொருள் வாங்கும் பலருக்கு அது இவருடைய பெயர் என்பது தெரியாது. இவரது வாழ்வை வாழ்த்துரையாக அன்றி, ஒரு சட்டப் பாடமாக இன்று வாசிக்க வேண்டியிருக்கிறது.

பேட்டைகளின் ஊர்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாளையக்காரர் போர்கள் முடிந்து வணிகப் பாதைகள் திறந்தபோது, திருநெல்வேலிச் சீமையின் தெற்கிலிருந்த பனங்காடுகளை விட்டு நாடார் குடும்பங்கள் வடக்கே நகர்ந்தன. கருப்பட்டி, கருவாடு, உப்பு ஆகியவற்றை மாட்டு வண்டிகளில் ஏற்றி வந்தவர்கள் சிவகாசி, விருதுபட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் தங்கினர். சரக்கையும் வண்டியையும் காக்க மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமையாகச் சேர்த்துப் பொதுநிதி ஆக்கினர். உறவின்முறை அந்த நிதியை நிர்வகித்தது. கிணறும் பள்ளியும் சந்தையும் அதிலிருந்து எழுந்தன.

வறண்ட கரிசல் ஊர்கள் வணிக நகரங்களாயின. ஆயினும் அவற்றைச் செழிக்க வைத்தவர்களுக்குக் கோயில் வாசல் மூடியே இருந்தது. பொருளாதாரத்தில் மேலேறியவர்கள் சாதி அடுக்கிலும் மேலேற முயன்றதை, அதுவரை அந்த ஊர்களில் ஆதிக்கம் செலுத்திய சாதிகள் பொறுக்கவில்லை. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். இராமநாதபுரம் சேதுபதியின் தரப்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. கீழ் நீதிமன்றம் தொடங்கி இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அந்த வழக்கில் 1908இல் நாடார்கள் இறுதியாகத் தோற்றனர். நெடுங்கால வழக்காறு அவர்களை உள்ளே விடவில்லை, ஆகவே உரிமையும் இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1899 ஜூன் 6 அன்று, மறவர்களை முதன்மையாகக் கொண்ட ஆயிரக்கணக்கானோர் சிவகாசியைத் தாக்கினர். வீடுகள் எரிந்தன. இரு தரப்பிலுமாக உயிர்கள் பறிபோயின. சிவகாசிக் கொள்ளை என்று வரலாற்றில் பதிவான அந்த வன்முறை சுற்று வட்டாரச் சிற்றூர்களுக்கும் பரவியது. கோயில் நுழைவு அதன் உடனடிக் காரணம். நேற்று வந்தவன் இன்று கடை வைத்திருக்கிறான், நாளை நம்மோடு சமமாக நிற்பான் என்ற அச்சமே அதன் வேர்.

மேல்நோக்கிய வழக்கும் கீழ்நோக்கிய கையும்

சௌந்திரபாண்டியன் 1893 செப்டம்பர் 15 அன்று இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் பட்டிவீரன்பட்டியில் பிறந்தார். காப்பி வணிகத்தில் வளர்ந்த நாடார் குடும்பங்களின் ஊர் அது. அவரது குடும்பம் செல்வக் குடும்பம், தோட்டங்களை உடையது. சிவகாசி எரிந்தபோது அவருக்கு 5 வயது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்றார். இளமையிலேயே நீதிக்கட்சியின் அரசியலுக்கு வந்து, 1920களில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். 1910இல் தொடங்கப்பட்ட நாடார் மகாஜன சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

அக்காலத்து நாடார் அரசியலின் முதன்மையான போக்கு மேல்நோக்கியது. தாங்கள் சத்திரியர் என நிறுவுவதே கமுதி வழக்கிலும் அதற்குப் பிந்தைய எழுத்துகளிலும் பலரது முயற்சியாக இருந்தது. தீண்டாமை தவறு என்று வாதிடுவதற்கும், நான் தீண்டத்தகாதவன் அல்லன் என்று வாதிடுவதற்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. இரண்டாவது வாதம் வென்றாலும் ஏணி அப்படியே நிற்கும், ஏறுபவர் மட்டும் ஒரு படி உயர்வார்.

சௌந்திரபாண்டியனைச் சுயமரியாதை இயக்கம் ஈர்த்தது இந்த இடத்தில்தான். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். சாதிப் பட்டங்களைப் பெயருக்குப் பின்னால் இடுவதைக் கைவிட வேண்டும், பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்பன அம்மாநாட்டின் தீர்மானங்களுள் அடங்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து மூன்றாம் மாகாண மாநாடு விருதுநகரிலேயே நடந்தது. சாதிச் சங்கத்தின் தலைவர் சாதி ஒழிப்பு மாநாட்டின் தலைவராகவும் இருந்தது முரண்தான். அந்த முரணை அவர் எப்படிக் கையாண்டார் என்பதை மேடைப் பேச்சைக் காட்டிலும் நிர்வாகச் செயலே தெளிவாகக் காட்டுகிறது.

பேருந்து ஆணை

1920களின் இறுதியில் அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவரானார். அப்போதைய இராமநாதபுரம் மாவட்டம் சிவகாசி, சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களையும் உள்ளடக்கியது. இன்று பட்டாசு ஆலைகளால் அறியப்படும் தாயில்பட்டியும் அந்த எல்லைக்குள் இருந்தது. சாலைகளைப் பராமரிப்பதும் அவற்றில் ஓடும் தனியார் பேருந்துகளை நெறிப்படுத்துவதும் போர்டின் அதிகாரத்துக்கு உட்பட்டிருந்தன.

பேருந்து அன்று புதிய பொருள். அதற்கு நெடுங்கால வழக்காறு எதுவும் இருக்க இயலாது. ஆயினும் பேருந்து வந்த சில ஆண்டுகளிலேயே சாதி அதற்கும் ஒரு வழக்காற்றைச் சமைத்துவிட்டது. இராமநாதபுரத்துப் பேருந்துகளில் தலித்துகளை ஏற்ற முதலாளிகள் மறுத்தனர். மற்றப் பயணிகள் வர மாட்டார்கள், வருவாய் குறையும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். வரி கொடுப்பவர், சாலைக்கு மண் சுமந்தவர், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியவர் வெயிலில் நடக்க, பேருந்து அவரைக் கடந்து சென்றது.

சௌந்திரபாண்டியன் முதலாளிகளின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்கவில்லை. தலித்துகளை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் இரத்துச் செய்யப்படும் என்று ஆணையிட்டார். பேருந்துகள் அவர்களை ஏற்றத் தொடங்கின.

இந்த ஆணையின் சட்டத் தருக்கம் எளியது, வலியது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளும் கிணறுகளும் பொது இடங்களும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்று அறிவித்திருந்தது. அரசும் அதை ஏற்று ஆணை வெளியிட்டது. ஆனால் அறிவிப்பை மீறுபவர் எதை இழப்பார் என்ற கேள்விக்கு ஊர்ப்புறத்தில் விடை இல்லை. சௌந்திரபாண்டியன் அந்த விடையைத் தந்தார். பொதுச் சாலையில் தொழில் நடத்தப் பொது அதிகாரத்திடம் உரிமம் பெற்றவர், பொதுமக்களில் யார் வரலாம் யார் வரக்கூடாது என்று பிரிக்கும் தகுதியை அந்த உரிமத்தோடு பெறுவதில்லை. கமுதி வழக்கில் வழக்காறு உரிமையை வென்றது. பேருந்து ஆணையில் உரிமத்தின் நிபந்தனை வழக்காற்றை வென்றது. தம் மக்களைத் தோற்கடித்த சட்டத் தருக்கத்தைத் தமக்குக் கீழிருந்தவர்கள்மீது செலுத்த அவர் மறுத்தார்.

அந்த ஆணை எத்தகைய மண்ணில் பிறந்தது என்பதை 1930 டிசம்பர் காட்டியது. அதே மாவட்டத்தின் கள்ளர் நாடுகளில் தலித்துகளுக்கு எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. பொன், வெள்ளி அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது என்று அவை நீண்டன. அடுத்த ஆண்டில் தடைகள் பதினொன்றாயின, நிலமும் கூலியும் கல்வியும் அவற்றில் சேர்ந்தன. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

ஆணையின் எல்லை

சௌந்திரபாண்டியனை மீட்பராக வரைய வேண்டியதில்லை. அவர் தோட்ட முதலாளி. அவர் சார்ந்த சமூகத்தின் வளர்ச்சி எல்லா இடங்களிலும் தலித்துகளின் விடுதலையோடு கைகோத்துச் சென்றதாகச் சொல்ல முடியாது. ஆலையும் கடையும் ஒரு தரப்பிடம், கூலி உழைப்பு மறு தரப்பிடம் என்ற பிரிவினை இன்றும் இந்த வட்டாரத்தில் கண்கூடு. மேலும், ஒரு தலைவரின் நேர்மையைச் சார்ந்து நிற்கும் ஆணை அவர் நாற்காலியை விட்டு எழுந்ததும் தளரும். 1940களில் அவர் மீண்டும் ஜில்லா போர்டு ஒன்றின் தலைமைக்கு வந்தார். 1953 பிப்ரவரி 22 அன்று மறைந்தார். 4 ஆண்டுகள் கழித்து, 1957 செப்டம்பர் 11 அன்று, சமமாக அமர்ந்து பேசிய இம்மானுவேல் சேகரன் அதே இராமநாதபுரம் மாவட்டத்தின் பரமக்குடியில் கொல்லப்பட்டார்.

பேருந்தும் மீண்டும் களமானது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. தலித் வீரர் ஒருவரின் பெயர் பொறித்த பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினரில் ஒரு பகுதியினர் கிளர்ந்தனர். கலவரம் மூண்டு உயிர்கள் போயின. இறுதியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் நீக்கியது. ஏற்ற மறுத்தவர்களுக்கு 1920களில் உரிமத்தைக் காட்டிய நிர்வாகம், 70 ஆண்டுகளுக்குப் பின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டது.

உரிமம் இரு பக்கமும் வெட்டும்

நேற்றைய வந்தேறி இன்றைய ஊர்க்காரனாகி அடுத்து வருபவனுக்குக் கதவடைப்பது இந்த மண்ணுக்கு மட்டும் உரிய நோய் அன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹேசல்டன் என்ற நிலக்கரி நகரம் உண்டு. 1897இல் அதன் அருகே லாட்டிமர் என்னும் இடத்தில், ஆயுதமின்றிப் பேரணி சென்ற 19 சுரங்கத் தொழிலாளர்களை ஷெரிப்பின் படை சுட்டுக் கொன்றது. இறந்தவர்கள் போலந்து, சுலோவாக்கியா, லித்துவேனியா முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். அத்தகைய குடியேறிகளின் வழிவந்தவர்கள் நிறைந்த அதே நகரத்தில், ஒரு நூற்றாண்டு கழித்து இலத்தீன் அமெரிக்க மக்கள் வேலை தேடி வந்தபோது, 2006இல் நகர மன்றம் ஒரு விதியை இயற்றியது. ஆவணமற்ற குடியேறிகளுக்கு வீடு வாடகைக்கு விடுபவருக்குத் தண்டம், வேலை கொடுப்பவரின் தொழில் உரிமம் பறிப்பு என்பது அந்த விதி. கூட்டாட்சி நீதிமன்றங்கள் அதைச் செல்லாததாக்கின. 2014இல் உச்ச நீதிமன்றம் நகரத்தின் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது.

சௌந்திரபாண்டியன் மறுக்கப்பட்டவரை ஏற்றுவதற்குப் பயன்படுத்திய அதே கருவியை ஹேசல்டன் வந்தவரை விரட்டுவதற்குப் பயன்படுத்தியது. ஆகவே கருவியில் அறம் இல்லை. அதை யார், யாருக்காகப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

தாயில்பட்டியில் எழும் கேள்வி

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. காவல் துறை அவற்றை மறுத்து வழக்குகள் பதிந்தது. வதந்தி பொய், ஆனால் அது நம்பப்பட்டதற்குக் காரணமான ஒவ்வாமை பொய்யன்று. வீடு வாடகைக்குத் தர மறுப்பதும், தெருவில் நின்று பேசினால் சந்தேகிப்பதும், கூலியில் பிடித்தம் செய்வதும் தலித் மக்களுக்கு அன்னியமான அனுபவங்கள் அல்ல. அப்படி வருபவர்களில் கணிசமானோர் தம் மாநிலத்தில் தலித்துகளாகவும் பழங்குடிகளாகவும் இருப்பவர்கள்.

கூலி குறைவது உண்மையான சிக்கல். ஆனால் கூலியைக் குறைப்பவர் ரயிலில் வந்து இறங்கியவர் அல்லர். தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரத்தில் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் உள்குத்தகைக்கு விடப்படுவது விபத்துக்குப் பின் விபத்தாக வெளிவரும் செய்தி. உள்குத்தகை அறையில் வேலை செய்பவரின் பெயர் வருகைப் பதிவேட்டில் இராது. வெடி விபத்தில் அவர் இறந்தால் முதலாளி யார் என்பதிலிருந்தே வழக்குத் தொடங்க வேண்டும். உள்ளூர் தலித் பெண்ணுக்கும் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞருக்கும் இந்த இடத்தில் வேறுபாடு இல்லை. இருவரையும் பதிவேட்டிலிருந்து நீக்கிய கை ஒன்றே.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 15(2) ஆம் பிரிவு கடைகளிலும் உணவகங்களிலும் கிணறுகளிலும் சாலைகளிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது. 19ஆம் பிரிவு நாட்டின் எப்பகுதியிலும் சென்று வாழும் உரிமையைக் குடிமக்கள் அனைவருக்கும் தருகிறது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்களை அழைத்து வரும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும் என்று 1979ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. அச்சட்டம் இன்று 2020ஆம் ஆண்டின் தொழிற்சட்டத் தொகுப்பினுள் சேர்க்கப்பட்டுள்ளது. பட்டாசு ஆலை உரிமம் இன்றி ஒரு நாளும் நடக்க முடியாத தொழில்.

எனவே நம் இயக்கங்கள் கேட்க வேண்டியது வடவரை வெளியேற்றும் ஆணையை அன்று. பதிவேட்டில் பெயரில்லாத ஒருவர் வேலை செய்யும் ஆலையின் உரிமம் இரத்தாக வேண்டும். ஒரே வேலைக்கு உள்ளூராருக்கு ஒன்று, வெளியூராருக்கு ஒன்று எனக் கூலி கொடுக்கும் ஒப்பந்தக்காரரின் உரிமம் இரத்தாக வேண்டும். உள்குத்தகை விட்டவரின் உரிமம் இரத்தாக வேண்டும். மாவட்ட ஆட்சியரிடமும் தொழிலகப் பாதுகாப்புத் துறையிடமும் வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடமும் இந்த மூன்று கோரிக்கைகளையும் உள்ளூர்த் தொழிலாளரும் வெளிமாநிலத் தொழிலாளரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். 90 ஆண்டுகளுக்கு முன் இதே மாவட்டத்தின் பேருந்து முதலாளிகள் பணிந்தது இத்தகைய ஒரு நிபந்தனைக்குத்தான்.