ஜே.ஆர்.டி. டாடா: கூரையில்லாத புகாட்டியில் தொடங்கி புனே தொழிற்சாலை வரை – ஒரு வேகப் பிரியரின் வாழ்க்கை

ஜே.ஆர்.டி. டாடா என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? ஏர் இந்தியா, பாரத ரத்னா, டாடா குழுமம். இதெல்லாம் சரிதான். ஆனா, இந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒரு பொருளும் இருக்கு. அது 1920களில் பம்பாய் சாலைகளில் அவர் ஓட்டிய ஒரு புகாட்டி கார்.

எடை குறைவு, மேலே கூரை கிடையாது, சத்தம் அதிகம். அப்படியொரு காரை வாங்குவது பணம் இருந்தால் முடிகிற காரியம். அதை ஓடுகிற நிலையில் வைத்திருப்பது வேறு கதை. இன்னும் ஒரு படி மேலே போய், அப்படியொரு இயந்திரத்தை இந்த நாட்டிலேயே செய்வதென்றால்? ஜே.ஆர்.டி.யின் 89 ஆண்டு வாழ்க்கையை இந்த மூன்று கேள்விகளையும் வைத்துப் பார்த்தால், கதை வேறு மாதிரி தெரிகிறது. அந்தக் கதையில் புனேவுக்கு முக்கியமான இடம் உண்டு.

யார் இந்த ஜே.ஆர்.டி.?

முழுப்பெயர் ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா. 1904 ஜூலை 29 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா ரத்தன்ஜி தாதாபாய் டாடா, குழுமத்தைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி டாடாவின் உறவினர், தொழில் கூட்டாளி. அம்மா சூசன், பிரெஞ்சுப் பெண். இந்தியாவில் கார் ஓட்டிய முதல் பெண் அவர்தான் என்று சொல்லப்படுகிறது. அதனால, ஸ்டீயரிங் ஆசை இவருக்கு வீட்டிலிருந்தே வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வான ஆசை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. பிரான்ஸின் ஹார்டெலோ கடற்கரையில் டாடா குடும்பம் விடுமுறைக்குப் போகும். அங்கேதான் லூயி பிளேரியோவுக்கும் வீடு இருந்தது. 1909இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலாகக் கடந்தவர் அவர். அந்தக் கடற்கரையில் இறங்கும் விமானங்களைப் பார்த்து வளர்ந்த பையன், 15 வயதில் முதன்முறையாக விமானத்தில் ஏறினான்.

1924இல் பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயச் சேவை. அதை முடித்துவிட்டு 1925 டிசம்பரில் பம்பாயில் டாடா நிறுவனத்தில் சம்பளம் இல்லாத பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அப்பா காலமானார். 22 வயதில் குடும்பத்தின் கடன்களும் தம்பி தங்கைகளின் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தன. புகாட்டி ஓட்டிய இளைஞரைப் பற்றிப் பேசும்போது, இந்தப் பின்னணியையும் சேர்த்தே பார்க்கணும்.

புகாட்டியில் அப்படி என்ன விசேஷம்?

பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் மோல்சைம் என்ற சிறிய ஊர். இத்தாலியில் பிறந்த எத்தோரே புகாட்டி 1909இல் அங்கே தொழிற்சாலை தொடங்கினார். அந்தக் காலத்தில் வேகம் வேண்டுமென்றால் பெரிய இன்ஜினைப் போடுவது பலரின் வழி. புகாட்டியின் வழி வேறு: எடையைக் குறைப்பது.

1924இல் வந்த டைப் 35 பந்தயக் கார் இதற்கு நல்ல உதாரணம். 8 சிலிண்டர், 2 லிட்டர் இன்ஜின். எடை சுமார் 750 கிலோ. இன்று நம்ம ஊரில் ஓடும் பல ஹேட்ச்பேக்குகள் இதைவிட எடை அதிகம். கூரை இல்லை, கதவு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. முன் அச்சுகூட உள்ளே வெற்றிடமாக, குழாய் போல இருக்கும்.

கணக்கு எளிதானது. சுமார் 90 குதிரைத்திறனை 0.75 டன்னால் வகுத்தால், டன்னுக்கு 120 குதிரைத்திறன் வரும். அதே இன்ஜினை ஒன்றரை டன் காரில் வைத்தால் இது 60 ஆகிவிடும். ஆக, எடையைப் பாதியாக்குவதும் இன்ஜின் சக்தியை இரட்டிப்பாக்குவதும் முடுக்கத்தில் ஏறக்குறைய ஒரே பலனைத் தரும். ஆனா, எடை குறைந்தால் பிரேக்குக்கும் டயருக்கும் வேலை குறையும், வளைவில் திரும்புவதும் சுலபம். கனமான காரில் பெரிய இன்ஜின் போட்டால் இந்த நன்மை எதுவும் கிடைக்காது.

வைத்துப் பராமரிப்பது எவ்வளவு கஷ்டம்?

ரொம்பவே கஷ்டம். எடையைக் குறைக்க நீங்கள் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பில் விலை கொடுக்கணும்.

கூரை இல்லையென்றால் வெயிலும் மழையும் புழுதியும் நேராக உள்ளே வரும். தோல் இருக்கை வெடிக்கும், மீட்டர்களில் ஈரம் இறங்கும். பிரேக் கேபிளால் இயங்குவது. நான்கு சக்கரத்திலும் ஒரே அளவு பிடிக்கும்படி அடிக்கடி சரிசெய்யாவிட்டால், அழுத்தும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும். மேக்னெட்டோவின் தொடுமுனைகளைச் சுத்தம் செய்யணும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும், கழற்றித் துடைக்கணும். டைப் 35இன் இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட் உருளை பேரிங்குகள் மீது சுழலும். அது தேய்ந்தால் பழகிய கை மட்டுமே பிரித்துச் சேர்க்க முடியும்.

ஒரு புத்திசாலித்தனமும் இருந்தது. டைப் 35இல் அலுமினியச் சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பட்டை அப்படியே கண்ணுக்குத் தெரியும். டயர் மாற்றும்போதே பிரேக்கையும் பார்த்துவிடலாம்.

இதையெல்லாம் 1920களின் இந்தியாவில் வைத்து யோசித்துப் பாருங்க. உதிரி பாகம் வேண்டுமென்றால் கப்பலில் வரணும். பம்பாயிலிருந்து பூனா போக வேண்டுமானால் கண்டாலா மலைப்பாதையில் ஏறணும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கொட்டும் மழை எப்படியென்று புனேவாசிகளுக்குத் தெரியும். இன்றைக்கும் அந்த ஊரில் திறந்த கூரை கார் வைத்திருப்பவர்களுக்குக் கவலை அதேதான்: ரப்பர் சீல் வழியே கசிவு, அடைத்துக்கொள்ளும் வடிகால் துளைகள், மழைக்காலம் முழுக்க நிறுத்தியே வைத்ததால் இறங்கிப்போன பேட்டரி.

காரால் வந்த வழக்கு, வழக்கால் வந்த கல்யாணம்

ஜே.ஆர்.டி. மெதுவாக ஓட்டும் ஆள் இல்லை. வேகமாக ஓட்டியதாக அவர் மீது வழக்கு வந்தது. வாதாட ஜாக் விகாஜி என்ற பிரபல வழக்கறிஞரைப் பிடித்தார். அந்தத் தொடர்பில் விகாஜியின் அண்ணன் தம்பி வழி உறவான தெல்மாவைச் சந்தித்தார். 1930 டிசம்பரில் இருவருக்கும் திருமணம்.

சுவாரஸ்யமான கதைதான். ஆனா, பாதசாரிகள் நடக்கும் நகரச் சாலையில் பந்தயக் கார் வேகம் தப்பு என்பதால்தான் அந்த வழக்கே வந்தது. பணக்கார இளைஞரின் குறும்பு என்று அதைச் சிரித்துக் கடந்துபோவது இன்றைய வாசகருக்கு எளிதாக இருக்கக் கூடாது. பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்லும் ஒழுங்கும் நுணுக்கமும் இந்த வயதில் வந்தவை அல்ல. விமானம் கற்றுக்கொடுத்தவை.

ஒரு ஸ்பார்க் பிளக் கதை

1929 பிப்ரவரி 10 அன்று இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் ஜே.ஆர்.டி. கைக்கு வந்தது. அதே ஆண்டு ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறந்து காட்டும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு.

ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து மேற்கே பறந்தார். ஆஸ்பி இன்ஜினியர் என்ற பதின்ம வயது இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தார். எகிப்தின் அபூகிர் விமானத் தளத்தில் இருவரும் சந்தித்தார்கள். ஆஸ்பி அங்கே மாட்டிக்கொண்டு நின்றார். காரணம், ஸ்பார்க் பிளக். மாற்றுவதற்குக் கையில் வேறு இல்லை. ஜே.ஆர்.டி.யிடம் உபரி இருந்தது. போட்டியாளர் என்று பார்க்காமல் கொடுத்தார். பரிசை வென்றது ஆஸ்பி. பின்னாளில், 1960இல், இந்திய விமானப்படைத் தளபதியானதும் அவர்தான்.

இதைப் பெருந்தன்மைக் கதையாகத்தான் எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான். கூடவே இன்னொன்றையும் கவனிங்க. வழியில் என்ன பழுதாகும் என்று கிளம்புவதற்கு முன்பே கணக்குப் போட்டு, அதைக் கையோடு எடுத்துப் போனவர் ஒருவர் இருந்ததால்தான் இந்தக் கதையே நடந்தது.

புனே எப்போது வருகிறது?

முதல் முறை, மழையால் வந்தது.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. ஒரு பஸ் மாத் விமானத்தில் தபால் பைகளோடு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் தபாலை பெல்லாரி வழியாக நம்ம மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். ஏர் இந்தியாவின் கதை தொடங்கியது இப்படித்தான்.

ஜுஹு அன்று கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்தில் ஓடுதளம் தண்ணீரில் மூழ்கிவிடும். சேவையை நிறுத்தவும் முடியாது. அதனால் இருந்த ஒன்றிரண்டு விமானங்கள், விமானிகள், மெக்கானிக்குகள் என மொத்த நிறுவனத்தையும் மூட்டை கட்டி பூனாவுக்கு மாற்றினார்கள். எரவாடா சிறைக்குப் பக்கத்தில் ஒரு மைதானம்தான் விமான நிலையம். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் உருவானது அந்தச் சிறையில்தான்.

சில மெக்கானிக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மைதானத்தில் நிறுத்திய இலகு விமானங்களை நாள் தவறாமல் பறக்க வைத்தார்கள். நேரம் தவறாமைக்காக அரசின் பாராட்டும் கிடைத்தது. 1938இல், 34 வயதில், ஜே.ஆர்.டி. டாடா சன்ஸ் தலைவரானார்.

இரண்டாவது முறை: 11 ஆண்டு காத்திருப்பு

1945இல் டெல்கோ தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் டாடா மோட்டார்ஸ் ஆனது அதுதான். முதலில் ரயில் இன்ஜின்கள், 1954 முதல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸ் கூட்டணியில் லாரிகள். எல்லாம் ஜாம்ஷெட்பூரில். 1966இல் நிறுவனம் புனேவுக்கு வந்தது. இந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் சுமந்த் மூல்காவ்கர். ஜே.ஆர்.டி. அவருக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தார்.

இங்கேதான் ஒரு தகவலைக் கவனிக்கணும். புனே ஆலையில் முதல் வணிக வாகனம் தயாரானது 1977இல். அதாவது 11 ஆண்டுகள் கழித்து. அதுவரை என்ன செய்தார்கள்? இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களைச் செய்தார்கள். அச்சுகள், வார்ப்புக் கருவிகள், பயிற்சிப் பள்ளி. வெளிநாட்டிலிருந்து பாகம் வரும் வரை காத்திருக்கும் நிலை மாறணும் என்றால், பாகத்தைச் செய்யத் தெரிந்த கைகள் முதலில் வேணும். புகாட்டிக்கு உதிரி பாகம் கப்பலில் வந்த காலத்தைப் பார்த்தவர் தலைவராக இருந்த குழுமம், இந்த நீண்ட பாதைக்குச் சம்மதித்தது.

கார்? அது அவ்வளவு சுலபமாக அமையவில்லை. அன்றைய உரிம முறையில் யார் என்ன தயாரிக்கலாம், எத்தனை தயாரிக்கலாம் என்பதை அரசு முடிவு செய்தது. பல ஆண்டுகளுக்குப் பயணிகள் கார் சந்தை ஹிந்துஸ்தான், பிரீமியர், நம்ம மெட்ராஸின் ஸ்டாண்டர்டு என்ற மூன்று நிறுவனங்களுக்குள்ளேயே இருந்தது. புனேவில் டெல்கோ தயாரித்த சியரா 1991இல் வெளிவந்தபோது ஜே.ஆர்.டி.க்கு 87 வயது. இந்தியாவில் உருவான இண்டிகா 1998இல் அறிமுகமானது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1993 நவம்பர் 29 அன்று ஜெனீவாவில் காலமாகியிருந்தார்.

கடைசியாக ஒரு பயணம்

1953இல் ஏர் இந்தியா தேசியமயமானது. ஜே.ஆர்.டி. தலைவராகத் தொடர்ந்தார். விமானத்தில் ஏறினால் கழிவறைச் சுத்தம் முதல் கவுன்ட்டர் தூசு வரை பார்த்துக் குறிப்பு அனுப்புவார். 1978இல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்கியது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1982 அக்டோபர் 15 அன்று, முதல் தபால் பயணத்தின் பொன்விழா. 78 வயதான ஜே.ஆர்.டி. பழைய லெப்பர்ட் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியாகப் பறந்து வந்தார். அவர் பறந்தார் என்பது எல்லா நாளிதழிலும் வந்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுப் பழைய, மரமும் துணியும் கொண்ட ஒரு விமானத்தைப் பறக்கும் நிலையில் வைத்திருந்த மெக்கானிக்குகளின் பெயர்கள் பொதுமக்களிடம் வந்து சேரவில்லை.

நீங்கள் பழைய கார், பைக் எதையாவது வைத்திருப்பவர் என்றால், இந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கு. மழைக்காலம் வருவதற்கு முன் சீலையும் வடிகாலையும் பாருங்க. கேபிளையும் பிளக்கையும் பாருங்க. வண்டியில் உபரி பிளக் ஒன்று கிடக்கட்டும். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், வழியில் நின்றுகொண்டிருக்கும் யாருக்காவது தேவைப்படலாம்.