எண்ணளவையில் வாழும் ஹவுன்ஸ்பீல்ட்

கல்லீரலிற் கொழுப்புப் படிந்திருக்கின்றது என வைத்தியர் கூறக்கேட்டு அஞ்சுவோர் இக்காலத்திற் பலர். அதனை ஆராயும் சி.ரி. அறிக்கையிலே ஓர் எண்ணும் அதனை அடுத்து எச்.யு. என்னும் ஈரெழுத்தும் காணப்படும். அவ்வீரெழுத்தின் முதலெழுத்து ஒரு மனிதரின் பெயர். அவரே சேர் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட்.

1919 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 ஆம் நாள், இங்கிலாந்தின் நொட்டிங்கம்சயரிலே, ஒரு கமக்காரர் குடும்பத்தில் ஐந்து மக்களுட் கடைசியாகப் பிறந்தார். வைக்கோற் போரின் உச்சியிலிருந்து தாமே செய்த சிறகைக் கட்டிக்கொண்டு பாய்ந்த பிள்ளை அவர். பாடசாலையிலே கணிதமும் பௌதிகமுமன்றி வேறெதிலும் சிறந்தாரல்லர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படை சேர்ந்து ராடர் பயின்றார்; பின்னர் ஈ.எம்.ஐ. கம்பனியிற் பொறியியலாளராய் அமர்ந்து கணினி சமைத்தார். கலாநிதிப் பட்டம் அவர் பெற்றதில்லை.

சாதாரண எக்ஸ் கதிர்ப் படம், விளக்கின் முன் நிற்போர் அனைவரின் நிழலும் ஒரே சுவரில் வீழ்வது போன்றது. என்பு தெளிவாய்த் தெரியும். கல்லீரலும் இரைப்பையும் மண்ணீரலும் ஒன்றன்மேலொன்றாய் மயங்கும். பல கோணங்களிலும் கதிரைச் செலுத்தி அளந்தால், உடலை அறுக்காமலே அதன் ஒரு துண்டத்தைக் கணக்கினால் மீளக் கட்டலாம் என 1967 இல் ஹவுன்ஸ்பீல்ட் எண்ணினார். முதற் சோதனைக்கு ஒன்பது நாள் சென்றது. திரட்டிய அளவுகளோ 28,000. பாடஞ்செய்த மனித மூளையை ஆய்ந்தபோது, அம்மருந்தே அளவுகளை மிகைப்படுத்திற்று. ஆகவே புதிய மாட்டு மூளைகளை வாங்கி, பேலியகொடையில் மீன் வாங்கிப் பஸ் ஏறுவாரைப்போல, இலண்டன் நகரூடே சுமந்து சென்றார். பன்றியின் வயிற்றுத் துண்டங்களும் பின்னர் ஆராயப்பட்டன. 1971 ஒக்டோபர் 1 ஆம் நாள் முதல் நோயாளியின் மூளைக்கட்டி படத்திலே தெரிந்தது.

படத்தினும் அவர் தந்த எண்ணளவையே பெரிதென்பது என் கருத்து. நீருக்குப் பூச்சியம்; காற்றுக்கு மறை 1000. (ஆதியில் காற்றுக்கு மறை 500 என்றே வகுத்தனர், பின்னர் அது இரட்டிக்கப்பட்டது.) கொழுப்பு நீரினும் ஐதாதலின் மறை 100 அளவில் நிற்கும். சாயமருந்து ஏற்றாத நிலையில், நலமான கல்லீரல் ஏறக்குறைய 60. மண்ணீரல் அதனினும் சற்றுக் குறைவு. ஆதலின் நல்ல கல்லீரல் மண்ணீரலினும் சிறிது வெளிறித் தோன்றும். கொழுப்புச் சேரச்சேர எண் இறங்கும், நிறமும் கருகும். 40 இற்குக் கீழே சென்றால் கொழுப்பு மிகுந்ததென்பர். அந்நிலையிலே, வழமையாகக் கல்லீரலினும் கருமையான குருதிக்குழாய்கள் அதனூடே வெண்கோடுகளாய்த் தெரிவதும் உண்டு. தலசீமியா நோயாற் பன்முறை இரத்தம் ஏற்றிக்கொண்டோரில் இரும்பு படிந்து எண் உயர்தலும் கூடும். எனவே கொழுப்பும் இரும்பும் ஒருங்கே இருப்பின் ஓர் எண்ணை மாத்திரம் நம்புதல் தகாது.

1979 இல் மருத்துவ நோபல் பரிசை அலன் கோமக்குடன் பகிர்ந்துகொண்டார். கோமக் இக்கணிதத்தை முன்னரே வெளியிட்டிருந்தும் இவர் அதனை அறியாமலே தம் வழியிற் கண்டவர். கோமக்கும் கலாநிதிப் பட்டம் பெறாதவரே. 1981 இற் சேர் பட்டம் வந்தது. மணஞ்செய்யாது வாழ்ந்த ஹவுன்ஸ்பீல்ட், 2004 ஆகஸ்ட் 12 ஆம் நாள் தமது 84 ஆவது வயதிற் காலமானார்.