அமைச்சர் பதவியை உதறிய அம்மையார்

ஆதரவற்ற பெண்களுக்கு அரசு இலவசமாக வழங்கும் தையல் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டம் என்பது அதன் பெயர். யார் அந்த அம்மையார்? இளைய தோழர்கள் பலருக்குத் தெரியாது. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

தியாகராய நகரின் பசுல்லா சாலைக்கு, 1953 ஜூலைக்குப் போவோம். ஆச்சாரியார் முதலமைச்சர். பிள்ளைகளுக்குப் பள்ளியில் மூன்று மணி நேரப் படிப்பு, மிச்ச நேரத்தில் அப்பன் செய்யும் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயர் வைத்தது. செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைக்க, வண்ணான் மகன் வெளுக்க, வக்கீல் மகன் மட்டும் வக்கீலாக! முதலமைச்சர் வீட்டின் முன் மறியல் என்றது திராவிட முன்னேற்றக் கழகம். தடியையும் சிறையையும் எதிர்பார்த்து அணிவகுத்தவர்களில் முப்பது வயதுப் பெண் ஒருவர், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர், ஓர் அணிக்குத் தலைமை தாங்கிச் சிறைப்பட்டார். அவர்தான் சத்தியவாணி முத்து. மறு ஆண்டே ஆச்சாரியார் பதவி விலகினார், திட்டமும் போயிற்று.

1957இல் கழகம் முதன்முதலாகத் தேர்தலில் நின்றது. சட்டமன்றம் புகுந்த 15 பேரில் அம்மையாரும் ஒருவர். அனுப்பியது பெரம்பூர்: ரயில்வே பட்டறைச் சங்கொலியில் கண்விழித்த பெரம்பூர்! 1962இல் அதே தொகுதியில் தோல்வி. அதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை. கொள்கைப் பரப்புச் செயலாளராக மேடை மேடையாகப் பேசினார், ‘அன்னை’ என்ற ஏட்டையும் நடத்தினார்.

1967இல் அண்ணாவின் அமைச்சரவை. ஒன்பது பேரில் ஒரே பெண் அவர். அரிசன நலமும் செய்தித் துறையும் அவர் கையில். அண்ணா மறைந்த பின்னர் கலைஞர் அமைச்சரவையிலும் நீடித்தார். ஏழாண்டு அமைச்சர்! ஆனால் எந்த ஏழாண்டு? கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பரில் தீயில் மாண்டது அந்த ஏழாண்டுக்குள்தான். நலத்துறையின் நாற்காலி எவ்வளவு உயரம், சேரி எவ்வளவு தாழ்வு என்று அதில் அமர்ந்தவருக்குத்தானே தெரியும்!

1974இல் அம்மையார் பதவியை விட்டார். தாழ்த்தப்பட்டோருக்கு நீதி கிடைக்கவில்லை என்று, தாம் அமர்ந்திருந்த ஆட்சியின் மீதே குற்றம் சாட்டினார். தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டார். கழகத் தோழர்களுக்கு அன்று கசந்தது, இன்றும் சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்! கார் போகும், காவலர் வணக்கம் போகும் என்று தெரிந்தே நாற்காலியை விட்டு எழுந்தவர் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணுங்கள்.

தனிக் கட்சி நெடுநாள் நிற்கவில்லை. 1977இல் அ.தி.மு.க.வோடு இணைந்தது. அவ்வாண்டு உளுந்தூர்ப்பேட்டையில் அம்மையார் தோற்றார். 1978இல் மாநிலங்களவை உறுப்பினர், 1979இல் சரண்சிங் ஆட்சியில் மத்திய அமைச்சர். அந்த ஆட்சியோ சில மாதங்களே. 1999 நவம்பரில் மறைந்தார்.

சென்னையின் நடுவே, கூவம் கரையில் ஏழைகள் குடிசை போட்ட ஓரிடம் சத்தியவாணி முத்து நகர் என்று பெயர் பெற்றிருந்தது. 2019 இறுதியில் அங்கே வீடுகள் இடிக்கப்பட்டன. நகரத்தில் மூட்டை தூக்கியும் வீட்டுவேலை செய்தும் பிழைத்த குடும்பங்கள் தெற்கே தொலைவில் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பிள்ளைகளின் பள்ளி மட்டும் கூவம் கரைப் பக்கமே நின்றுவிட்டது.