மாதம் ஒரு பூ மலர வைத்தவர்



ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் கட்டாயம் போயிருப்பீர்கள். கல்யாணம், ஆஸ்பத்திரி, துணி எடுப்பது என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

அடுத்த முறை போகும்போது சாலையோர மரங்களைக் கொஞ்சம் பாருங்கள். மார்ச் மாதம் போனால் ஜக்கரண்டா மரம் ஊதா நிறத்தில் பூத்திருக்கும். மே மாதம் போனால் மயில்கொன்றை செக்கச்செவேல் என்று நிற்கும். மழைக்காலம் முடியும்போது போனால் மரமல்லி வெள்ளை வெள்ளையாகத் தரையெல்லாம் உதிர்ந்து மணக்கும். ஒரு மரம் பூத்து ஓய்ந்தால் இன்னொரு மரம் பூக்கத் தொடங்கிவிடும்.

இப்படி ஒரு ஊரில் வருடம் முழுவதும் ஏதாவது ஒரு மரம் பூத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டார். அவர் நம் நாட்டில் பிறந்தவர் அல்ல. ஆனால் நம் மண்ணிலேயே வாழ்ந்து, நம் மண்ணிலேயே அடக்கமானவர். அவர் பெயர் குஸ்டாவ் ஹெர்மன் குரும்பீகல்.

குரும்பீகல் 1865-ம் ஆண்டு டிசம்பர் 18-ம் தேதி, ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகே உள்ள லோமன் என்ற ஊரில் பிறந்தார். இளம் வயதிலேயே தோட்டக்கலை கற்றார். பிறகு இங்கிலாந்துக்குப் போனார். லண்டனில் ஹைட் பார்க் என்ற பெரிய பூங்காவில் பூப்பாத்திகள் அமைத்தார். அதன்பின் புகழ்பெற்ற கியூ தாவரவியல் தோட்டத்தில் சேர்ந்தார். உலகின் மூலை முடுக்குகளிலிருந்து செடிகளும் விதைகளும் வந்து சேரும் இடம் அது. எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில் வேண்டும், எது குளிரைத் தாங்கும், எது எப்போது பூக்கும் என்பதையெல்லாம் அங்கே கையால் வேலை செய்தே தெரிந்துகொண்டார்.

1893-ல், தமது 27-வது வயதில், அவர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட்டின் தோட்டங்களைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1908-ல், மைசூர் சமஸ்தானம் அவரை அழைத்துக்கொண்டது. அப்போது அங்கே நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மன்னராக இருந்தார். குரும்பீகலிடம் ஒப்படைக்கப்பட்ட தோட்டம், நீங்கள் சுற்றுலா போகும் அதே லால்பாக்தான்.

லால்பாக்கை 1760-ல் தொடங்கியவர் ஹைதர் அலி. குரும்பீகலுக்கு முன் அங்கே பொறுப்பில் இருந்தவர் ஜான் கேமரூன். நம் வீட்டில் கூட்டு வைக்கிறோமே சௌசௌ, அதைப் பெங்களூருக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அதனால்தான் அதற்குப் பெங்களூர் கத்தரிக்காய் என்ற பெயர். அழகுக்குப் பூ, வயிற்றுக்குக் காய் என்று இரண்டையும் வளர்த்த தோட்டம் அது.

சரி, வருடம் முழுவதும் மரம் பூக்க வைப்பது எப்படி? மரத்திடம் போய், இந்த மாதம் பூ என்று சொன்னால் அது கேட்குமா? கேட்காது. குளிர், வெயில், மழை, பகல் பொழுதின் நீளம் இவற்றை வைத்துத்தான் ஒவ்வொரு மரமும் தன் காலத்தை அறிந்து பூக்கிறது.

நம் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். மார்கழியில் மொச்சைக் குழம்பு மணக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? தையில் மாமரம் பூத்தால், கோடையில் கிருஷ்ணகிரிச் சந்தையில் மாம்பழம் குவியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் இருக்கிறது.

குரும்பீகல் அந்தப் பருவக் கணக்கைச் சாலைக்குக் கொண்டுவந்தார். எந்த மரம் எந்த மாதம் பூக்கும் என்று பார்த்து, மாதத்துக்கு ஒரு மரம் பூக்கும்படி வெவ்வேறு மரங்களைத் தேர்ந்தெடுத்தார். சரக்கொன்றை, பூமருது போன்ற நம் நாட்டு மரங்களும் இருந்தன. மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த மயில்கொன்றையும், தென்னமெரிக்க ஜக்கரண்டாவும் இருந்தன. வெளிநாட்டுத் தோட்டங்களுடன் விதைகளைப் பரிமாறிக்கொண்டார். 1912-ல் மைசூர் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கவும் காரணமாக இருந்தார். இன்றும் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி லால்பாக்கில் நடக்கும் மலர்க் கண்காட்சியில் அந்தச் சங்கத்துக்குப் பங்கு உண்டு.

காவிரியின் குறுக்கே கட்டிய கிருஷ்ணராஜ சாகர் அணைக்குக் கீழே பிருந்தாவன் தோட்டம் இருக்கிறது அல்லவா? திவான் மிர்சா இஸ்மாயில் உருவாக்கிய அந்தத் தோட்டத்தின் வடிவமைப்பிலும் குரும்பீகலின் கை இருந்தது. அந்த அணையைத் தாண்டி வரும் காவிரிதான் பிறகு நம் ஒகேனக்கல்லில் அருவியாக விழுகிறது.

1932-ல் அவர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் ஜவராயா என்ற இந்தியர் அந்தப் பொறுப்பை ஏற்றார். ஓய்வு பெற்ற குரும்பீகல் ஊர் திரும்பவில்லை. பெங்களூரிலேயே தங்கிவிட்டார்.

அப்போதுதான் அவருக்கு ஒரு சோதனை வந்தது. 1939-ல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர்கள் ஜெர்மனியுடன் போரிட்டார்கள். இந்தியாவில் இருந்த ஜெர்மானியர்கள் எல்லாம் எதிரி நாட்டவர் ஆனார்கள். எழுபது வயதைத் தாண்டிய குரும்பீகலையும் முகாமில் அடைத்துக் காவலில் வைத்தார்கள். அவர் செய்த குற்றம் என்ன? ஜெர்மனியில் பிறந்தது ஒன்றுதான். எந்த ஊருக்காக முப்பது ஆண்டுகள் உழைத்தாரோ, அந்த ஊரிலேயே அவர் சந்தேகத்துக்கு உரியவராக ஆக்கப்பட்டார். நினைத்துப் பாருங்கள், எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும்!

ஆனாலும் போர் முடிந்த பிறகும் அவர் இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. 1956-ம் ஆண்டு பிப்ரவரி 8-ம் தேதி, 90 வயதில் பெங்களூரிலேயே காலமானார். அவரது கல்லறை எங்கே இருக்கிறது தெரியுமா? நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஓசூர் சாலையில், மெதடிஸ்ட் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில்!

லால்பாக் அருகே ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக்குள் அவர் பெயரில் ஒரு பழைய கூடமும் இருந்தது. பழுதடைந்திருந்த அந்தக் கூடம் 2017-ல் இடிந்து விழுந்துவிட்டது. ஆனால் அவருடைய எண்ணம் விழவில்லை. இன்று பெங்களூரில் பூக்கும் மரங்கள் எல்லாம் அவர் நட்டவை அல்ல. 1980-களில் சேதுராம் நெகின்ஹால் என்ற வனத்துறை அதிகாரி லட்சக்கணக்கான கன்றுகளை நட வைத்தார். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் தொடர்ந்ததால்தான் அந்த ஊர் பூக்கிறது. இப்போது சாலையை அகலமாக்க மரங்களை வெட்டும்போது அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழந்தைகளே! நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பழைய நோட்டில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு பக்கங்கள் ஒதுக்குங்கள். உங்கள் பள்ளியிலும் தெருவிலும் எந்த மரம் எந்த மாதம் பூக்கிறது என்று ஒரு வருடம் எழுதி வாருங்கள். வேம்பு, புங்கன், கொன்றை, முருங்கை எதையும் விட வேண்டாம். வருட முடிவில் ஏதாவது ஒரு பக்கம் காலியாக இருக்கும். அந்த மாதத்தில் பூக்கும் மரம் எது என்று ஆசிரியரிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள். அடுத்த மழைக்கு அந்தக் கன்றை நட்டு, ஆடு கடிக்காமல் முள்வேலி போட்டு, தண்ணீர் ஊற்றுங்கள்.

அது பூக்கும்போது நீங்கள் வேறு ஊரில் வேலையில் இருக்கலாம். இருந்தால் என்ன? அந்தப் பள்ளியில் படிக்கும் இன்னொரு பிள்ளை அண்ணாந்து பார்த்துச் சிரிக்குமே!

நட்டு வளர்ப்பீர்களா?