வேலை முடித்துச் சிறை புகுந்தவர்

சாத்தூர்த் தொகுதி மக்கள் 1957-லும் 1962-லும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பிய காமராசரை நாடு முதலமைச்சராகவே பெரிதும் நினைவில் கொண்டுள்ளது. ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் அவர் அப்பதவியில் இருந்தார். ஏறத்தாழ அதே அளவு காலம் அன்னியர் ஆட்சியில் அவர் சிறையில் கழித்தார் என்பதை இளைய தலைமுறை அவ்வளவாக அறியாது.

விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில் 1903 ஜூலை 15 அன்று பிறந்தவர் அவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். படிப்பும் பாதியில் நின்றது. மாமனின் துணிக்கடையில் அமர்ந்தவரின் உள்ளம் வியாபாரத்தில் நிற்கவில்லை. ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் காங்கிரசுத் தொண்டரானார். 1930-இல் உப்பு சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு ஈராண்டுத் தண்டனை பெற்றார். காந்தி–இர்வின் ஒப்பந்தத்தால் மறு ஆண்டே விடுதலை கிடைத்தது.

1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகிகளின் பட்டியலுக்குக் காந்தியடிகளின் ஒப்புதல் பெற வார்தாவுக்குப் புறப்பட்டார். வழியில் குண்டூரிலேயே கைது செய்து வேலூர்ச் சிறையில் அடைத்தனர். சிறையில் இருந்தவரையே விருதுநகர் நகராட்சி 1941-இல் தலைவராகத் தேர்ந்தெடுத்தது! வெளியே வந்தவர், முழுமையாகக் கவனிக்க இயலாத பதவி தமக்கு வேண்டாமென்று அதைத் துறந்தார்.

1942 ஆகஸ்டில் பம்பாயில் ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானம் நிறைவேறியது. தலைவர்கள் அடுத்தடுத்துக் கைதாயினர். சட்டத்தை வெளிப்படையாக மீறித் தண்டனையை ஏற்பதே சத்தியாக்கிரகியின் அறம். எனினும் அப்போதே பிடிபட்டால் போராட்டச் செய்தியை ஊர்களுக்குக் கொண்டு செல்ல ஆளில்லை. திரும்பும் வழியில் காமராசர் போலீசார் கண்ணில் படாமல் ரயிலை விட்டிறங்கினார். இராணிப்பேட்டை, வேலூர், தஞ்சை, திருச்சி, மதுரை எனச் சுற்றி, ஆங்காங்கே தொண்டர்களைக் கண்டு, செய்ய வேண்டியவற்றை ஒப்படைத்தார்.

இது ஒளிந்து திரிந்ததாகாதா என்று கேட்போர் உண்டு. தப்பிக்க எண்ணியவர் தம்மை யாவரும் அறிந்த விருதுநகருக்கா திரும்புவார்? அவரோ ஊர் வந்து சேர்ந்ததும், தம் பணி முடிந்தது, இனிக் கைது செய்யலாமென்று தாமே போலீசாருக்குச் சொல்லியனுப்பினார். வேலூரிலும் அமராவதியிலுமாக, 1945 வரை அந்தச் சிறைவாசம் நீண்டது.