கொலன்னாவை இரவும் ஹான்ஸ் கிளெம்மின் சின்ன விமானமும்

2007 ஏப்ரல் 29 அதிகாலை. கொலன்னாவையில் எங்கள் தெருவில் பலர் உலகக்கிண்ண இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென மின்சாரம் நின்றது. வானத்தை நோக்கி வேட்டுகள் கிளம்பின. எண்ணெய்க் குதங்களைத் தேடிப் புலிகளின் விமானங்கள் வந்திருந்தன. விடியும்வரை அடையாள அட்டையைக் கையில் வைத்தபடி இருந்தோம்.

வந்தவை செக் நாட்டின் சிலின் ரகச் சிறு பயிற்சி விமானங்கள் என்று பிறகு அறிந்தேன். யாழ்ப்பாணத்தில் எங்களைப் பதுங்குகுழிக்குள் விரட்டிய சியாமாசெட்டியும் இத்தாலியின் பயிற்சி விமானம்தான். பறக்கப் பழகச் செய்த பொருள் எப்படிக் குண்டு சுமந்தது? அந்தக் கேள்வியோடு வாசித்தபோது கிடைத்தது ஹான்ஸ் கிளெம்மின் வாழ்க்கை.

1885இல் ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில் பிறந்தவர். முதலாம் உலகப்போரின் கடைசியில் டைம்லர் நிறுவனத்தில் போர் விமானங்களை வடிவமைத்தார். தோற்ற ஜேர்மனிக்குப் போர் விமானம் செய்யத் தடை வந்தது. கிளெம் மரத்தால் மெலிந்த விமானங்களைச் செய்தார். அவருடைய எல் 20க்கு 20 குதிரைவலு இயந்திரமே போதும். அது ஒரு மோட்டார் சைக்கிளின் வலு. 1926இல் பொப்லிங்கனில் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1928இல் கோனிக்-வார்த்தவுசன் என்ற இளைஞர் எல் 20 ஒன்றில் புறப்பட்டு, இந்தியா வழியாக உலகையே சுற்றினார். அடுத்து வந்த கிளெம் 25 விமானங்கள் 600க்கு மேல் விற்றன.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். கிளெம் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அவருடைய விளையாட்டு விமானங்களில் போர் விமானிகள் பறக்கப் பழகினார்கள். இரண்டாம் உலகப்போரில் அதே தொழிற்சாலை மெசர்சிமிட் 163 என்ற ரொக்கெட் போர் விமானத்தைத் தயாரித்தது. 1943இல் அவர் கட்சியை விட்டு விலகினார். இரகசியப் பொலிஸ் அவரைக் கைது செய்தது. அந்த விலகல் பிந்தி வந்தது. ஆனாலும் அதற்கு விலை கொடுத்தார். 1961இல் காலமானார்.

அவரை நான் முழுதாகக் குற்றம் சொல்லவும் இல்லை, முழுதாக விடவும் இல்லை. செய்தவர் கையை விட்டுப் போன பொருள் யார் கைக்குப் போகும் என்பதை எங்கள் சனம் போல அறிந்தவர் குறைவு.

இன்றும் இரத்மலானைப் பக்கமிருந்து பயிற்சி விமானம் ஒன்று இரைந்தால் என் கண் முதலில் எண்ணெய்க் குதங்களைத்தான் பார்க்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வெளியே ஓடிவந்து அதற்குக் கை காட்டுகிறது.