நாவலரை உருவாக்கிய இரண்டு வாசல்கள்

ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, ஏரியைப் பார்த்துவிட்டு, அப்படியே சேர்வராயன் மலை உச்சிக்கும் போய், குகைக்கோயிலில் காவேரி அம்மனோடு அருள்புரியும் சேர்வராயனைக் கும்பிட்டிருப்பீர்கள். அந்தக் குளிர்ந்த மலையூரில்தான் 1882-ல் பீட்டர் பெர்சிவல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் காலமானார்.

ஆன்மிகப் பக்கத்தில் பாதிரியாருக்கு என்ன வேலை என்று யோசிக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. பெரியபுராணத்தை எல்லோரும் படிக்கும்படி வசனமாக்கித் தந்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரின் வாழ்க்கையில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு!

யாழ்ப்பாணத்து நல்லூரில், 1822 டிசம்பர் 18 அன்று, கந்தப்பிள்ளை - சிவகாமி தம்பதிக்குக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் ஆறுமுகம். கந்தசுவாமி குடிகொண்ட ஊர் என்பதால் பிள்ளைக்கும் முருகன் பெயர்தான். தந்தை தமிழறிந்தவர். அவர் ஒரு நாடகத்தை எழுதிக்கொண்டிருந்தபோதே இறந்துவிட, ஒன்பது வயதுப் பிள்ளை மீதியை எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். பிறகு சரவணமுத்துப் புலவர், சேனாதிராய முதலியார் ஆகிய இருவரிடமும் இலக்கண இலக்கியம் கற்றார். இது அவர் நுழைந்த முதல் வாசல்.

இரண்டாவது வாசல், மிஷன் பள்ளிக்கூடம். ஆங்கிலம் படிக்க அன்று வேறு வழி ஏது? யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியை நடத்தி வந்தவர் பெர்சிவல். ஆறுமுகத்தின் அறிவைக் கண்டு வியந்த அவர், படித்த பள்ளியிலேயே அவரை ஆசிரியராக்கினார். அதோடு, பைபிளைத் தமிழாக்கும் பெரும்பணியிலும் பக்கத்தில் அமர்த்திக்கொண்டார்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நெற்றி நிறையத் திருநீறு. கையில் பைபிள் ஏடு! சைவ ஆசாரத்தை விடாமலே அவர் அங்கே வேலை பார்த்தார், பெர்சிவலும் தடுக்கவில்லை. பல ஆண்டுகள் இப்படியே ஒன்றாக உழைத்தார்கள். மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க அவரைச் சென்னைக்கும் அழைத்துச் சென்றார் பெர்சிவல். அங்கே மழவை மகாலிங்கையர் அதைப் பார்த்து மெச்சினார்.

ஆனால், உள்ளுக்குள் வேறொன்று வளர்ந்துகொண்டிருந்தது. தம்மோடு படித்த சைவப் பிள்ளைகள் பலர் மதம் மாறுவதைக் கண்ணெதிரே பார்த்தார். ஏன் மாறுகிறார்கள்? தங்கள் சமயத்தைச் சொல்லிக்கொடுக்க அவர்களுக்குப் பள்ளியும் இல்லை, எளிய புத்தகமும் இல்லை, எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை. இந்தக் குறை அவருக்குப் புரிந்தது எங்கே தெரியுமா? கோயிலில் அல்ல, அந்த மிஷன் பள்ளியில்தான்!

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தது. நண்பர் கார்த்திகேய ஐயரும் துணைக்கு வந்தார். வாரம் தவறாமல் ஒரே இடத்தில் கூடி, எளிய வசனத்தில் சமய உரை கேட்பது அன்றைய சைவருக்குப் புதிது. மிஷனுக்கோ பழகிய வழி.

1848-ல் அங்கேயே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷன் உத்தியோகத்தை விட்டார். பெர்சிவலுக்கு அவரை விட மனமில்லை. சம்பளத்தை உயர்த்தித் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார் என்கிறார்கள், நாவலர் வரலாற்றை எழுதியவர்கள். தம்மை வளர்த்தவரைப் பிரிவது எளிதா என்ன? ஆனாலும் பிரிந்தார். கல்யாணமும் செய்துகொள்ளாமல், கடைசிவரை சைவத்துக்கும் தமிழுக்குமே உழைத்தார்.

1849-ல் அச்சு இயந்திரம் வாங்கத் தமிழகம் வந்தபோது, திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் பேச்சைக் கேட்டு மகிழ்ந்து, ‘நாவலர்’ என்ற பட்டத்தை அளித்தார்கள். பெற்றவர்கள் தந்த பெயரோடு, மடம் தந்த பெயரும் சேர்ந்தது. பால பாடம், சைவ வினாவிடை, 1852-ல் பெரியபுராண வசனம் என்று நூல்கள் அச்சேறின. 1864-ல் சிதம்பரத்திலும் ஒரு வித்தியாசாலை எழுந்தது.

இங்கே ஒரு சுவையான விஷயம். கோயிலில் விளக்கும் தூபமும் நைவேத்தியமும் எதற்கு என்று மிஷனரிகள் கேலி செய்த காலம் அது. நாவலர் 1854-ல் வெளியிட்ட ‘சைவதூஷண பரிகாரம்’ நூலில் பதில் சொன்னார். பைபிளின் பழைய ஏற்பாட்டிலேயே ஆலயமும் விளக்கும் தூபமும் பலியும் சொல்லப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டினார். பெர்சிவலோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்த படிப்பு, சிவாலய பூஜைக்கே அரணாக வந்து நின்றது!

சூழல் நல்லதை மட்டுமே தரும் என்று சொல்ல முடியாது. அன்றைய யாழ்ப்பாணத்துச் சாதிக் கட்டுப்பாடுகளை நாவலரும் ஏற்றே நடந்தார். அந்த வேலியை அவர் தாண்டவில்லை. ஆனால், 1877-ல் பஞ்சம் வந்தபோது, பசித்தவர்களுக்குக் கஞ்சித்தொட்டி வைத்துக் காத்தார்.

பெர்சிவலும் அப்படியே இருந்துவிடவில்லை. தமிழர்களோடு பழகிப் பழகித் தமிழறிஞராகவே ஆனார். சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டார். முதுமையில் ஏற்காட்டு மலையில் அடங்கினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1879 டிசம்பர் 5 அன்று, கார்த்திகை மகத்தில், நாவலர் சிவபதம் அடைந்துவிட்டார்.

கார்த்திகை மகம் அன்று நாவலர் குருபூஜை. அன்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்து, பெரியபுராண வசனத்தில் ஒரு நாயனார் கதையைப் படித்துக் காட்டுங்கள். உங்களை ஆளாக்கியவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரையும் குருவையும் யாரும் மறப்பதில்லை. கொள்கையில் எதிர்ப்பக்கம் நின்றாலும் உங்களுக்கு ஏதோ ஒன்றைக் கற்றுத் தந்தவர் இருப்பாரே... அவருக்கும் சேர்த்து ஒரு விளக்கு ஏற்றுங்கள்!